மூன்று கோடும் முர்கா சாப்பும்

எழுபது ஆண்டு உறவை முறித்துக்கொண்டு 2027-ல் நைக்கிக்கு மாறுகிறது ஜெர்மன் கால்பந்து அணி. அமைச்சர்கள் வரை புலம்பினார்கள். இந்திய அணி ஐந்தே ஆண்டுக்குள் இரண்டு முறை மாறியது. யாரும் கவனிக்கவில்லை. லேபிளில் பிழைக்கும் ஊரிலிருந்து ஒரு பார்வை.

சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓடும் அறைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது ரோலர் கழுவிய மண்ணெண்ணெய் வாசனை. பட்டாசு மருந்தின் வாடையை எதிர்பார்த்து வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஏமாற்றம்தான். மருந்தெல்லாம் ஊருக்கு வெளியே, பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று எட்டத் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளில் இருக்கிறது. ஊருக்குள் இருப்பது காகிதம். வெடிக்குச் சட்டை தைக்கிற வேலை ஊருக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்த ஹைடல்பெர்க் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது பூச்சட்டி லேபிள். ஒரு ஷீட்டுக்கு இருபத்து நான்கு. ஊதா வானம், மஞ்சள் பொறி, நடுவில் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாத ஒரு குழந்தையின் சிரிப்பு. தாள் ஏற்றிக்கொண்டிருந்த பையன் அர்ஜென்டினா சட்டை போட்டிருந்தான். முதுகில் மெஸ்ஸி, 10. தோளில் ஓடிய மூன்று கோடுகளில் நடுக்கோடு பாதி உரிந்து, அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் சிறகு மாதிரி அடித்துக்கொண்டது. நாலு சலவைக்கு மேல் தாங்காத ஹீட் பிரின்ட்.

அச்சகத்து அண்ணாச்சி ஒரு ஷீட்டை உருவினார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருக்கும் சிலுவைக் குறியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து, நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். மயிரிழை விலகியிருந்தாலும் பார்ட்டி சரக்கை எடுக்க மாட்டார். பார்த்து முடித்து நிமிர்ந்தவர் கேட்டார்:

"ஏன் தம்பி, ஜெர்மன்காரன் லேபிள மாத்திட்டானாமே, நெசந்தானா?"

"ஆமா அண்ணாச்சி. 2027-லேருந்து நைக்கி."

"அதுக்கு முந்தி எம்புட்டு வருசம்?"

"எழுபதுக்கு மேல இருக்கும்."

"எழுபது வருசம் ஓடுன லேபிளயா விட்டான்?"

அவ்வளவுதான். பையனைப் பார்த்து நீலத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டை உருவப் போய்விட்டார். பத்திரிகைகள் இதை ஜெர்சி ஒப்பந்தம், கிட் ஸ்பான்சர் என்றெல்லாம் எழுதின. அண்ணாச்சிக்கு அது லேபிள். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியான பெயர் என்று படுகிறது.

காலையில் சொன்னார்கள், மாலையில் முடிந்தது

2024 மார்ச் 21. ஜெர்மன் கால்பந்துச் சங்கமான டிஎஃப்பி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2027 முதல் 2034 வரை தேசிய அணிகளுக்குச் சட்டை தரப்போவது அமெரிக்காவின் நைக்கி. அதுவரை சட்டை தந்துவந்த அடிடாஸ் நிறுவனமோ, இந்த விஷயம் தங்களுக்கும் அன்றுதான் தெரிவிக்கப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொண்டது. எழுபது ஆண்டு சம்பந்தியிடம் தாலி அறுக்கிற சேதியைச் சொல்லும் முறை இதுவா என்று அங்கே பலரும் கேட்டார்கள்.

அதிலும் நேரம் பாருங்கள். யூரோ 2024 கோப்பை ஜெர்மனியிலேயே தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. அந்தப் போட்டிக்கு ஜெர்மன் அணி தங்கப்போவது ஹெர்ட்சோகெனவ்ராக் ஊரில், அடிடாஸ் தலைமையகத்து வளாகத்தில். பெண் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே வேறு இடத்தில் சம்பந்தம் பேசி முடித்த கதை.

பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக், அடிடாஸின் மூன்று கோடு இல்லாத ஜெர்மன் சட்டையைத் தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றார். கொஞ்சம் நாட்டுப்பற்று காட்டியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். சுகாதார அமைச்சர் கார்ல் லவுட்டர்பாக், வியாபாரம் ஒரு மரபை அழிக்கிறது என்ற பொருளில் பேசினார். பசுமைக் கட்சிக்காரரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரரும் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு எதிராக நாட்டுப்பற்றைத் தூக்கிப் பிடித்தது ஜெர்மனிக்குப் புதுக் காட்சி.

டிஎஃப்பி-யின் பதில் கணக்குப் பிள்ளையின் பதில். நைக்கி தருவது ஆண்டுக்கு 10 கோடி யூரோ, அடிடாஸ் தந்துவந்தது சுமார் 5 கோடி என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. 10 கோடி யூரோ என்றால் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 900 கோடி ரூபாய். சங்கமோ பணமுடையில் இருந்தது. 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு அது. கிராமத்துக் கிளப், பெண்கள் ஆட்டம், சிறுவர் பயிற்சி எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். இரண்டு பங்கு தருகிறேன் என்று ஒருவர் வரும்போது பழைய உறவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சிவகாசியில் எந்தக் கொள்முதல்காரரைக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வார். ஆனால் அதே ஆள், தன் தாத்தா காலத்து மார்க்கை மாற்றச் சொன்னால் அடிக்க வருவார். இரண்டும் உண்மை.

இரண்டு ஊர், இரண்டு பங்காளிகள்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சிவகாசிக்காரர்களுக்கு மனப்பாடம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மானம் பார்த்த கரிசல் பூமி. மழை இல்லை, விவசாயம் இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஒன்றுவிட்ட சகோதரர்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பி, ஜெர்மனியிலிருந்து மெஷினும் ரசாயனமும் வரவழைத்துத் தொழில் தொடங்கினார்கள். 1926-ல் மனக்கசப்பு இல்லாமல் பிரிந்தார்கள். ஒருவருக்கு அணில் மார்க், மற்றவருக்குக் காக்கா மார்க். அங்கிருந்து பட்டாசு, பட்டாசிலிருந்து லேபிள், லேபிளிலிருந்து காலண்டர், டைரி என்று ஊர் வளர்ந்தது. நேரு இதைக் குட்டி ஜப்பான் என்றது பிறகு நடந்தது.

அதே சமயம் ஜெர்மனியில் பவேரியா மாநிலத்துச் சின்ன ஊரான ஹெர்ட்சோகெனவ்ராக்கில் இன்னும் இரண்டு பேர். அடால்ஃப் டாஸ்லர், ருடால்ஃப் டாஸ்லர். கூடப் பிறந்தவர்கள். அம்மா துணி வெளுக்கும் அறையில் செருப்புத் தைக்கத் தொடங்கி, 1924-ல் சகோதரர்கள் பெயரிலேயே கம்பெனியைப் பதிவு செய்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் காலில் இருந்தது இவர்கள் செய்த ஸ்பைக் ஷூ. போருக்குப் பிறகு பிரிந்தார்கள். இங்கே மாதிரி சுமுகமாக இல்லை. சாகும் வரை பகை. அண்ணன் ருடால்ஃப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் பூமா தொடங்கினார். தம்பி அடால்ஃப், 'அடி' என்ற தன் செல்லப் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளையும் ஒட்டி 1949-ல் அடிடாஸ் என்று பதிந்தார். ஊரே இரண்டானது. எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார்களாம், எந்த ஷூ என்று. அதனால் குனிந்த கழுத்துகளின் ஊர் என்றே அதற்குப் பெயர். சகோதரர்கள் இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள், எதிரெதிர் மூலைகளில்.

அந்தத் தம்பிதான் 1954-ல் ஜெர்மன் அணியோடு ஸ்விட்சர்லாந்து போனார். ஜூலை 4, பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். எதிரில் புஷ்காஷின் ஹங்கேரி. நான்கு ஆண்டாகத் தோற்காத அணி. மழை கொட்டியது. அடி டாஸ்லர் ஷூவின் அடியில் திருகி மாட்டும் ஸ்டட்களைக் கழற்றி, சேற்றுக்கு ஏற்ற நீளமானவற்றை மாட்டிக் கொடுத்தார். 0–2 என்று பின்தங்கிய மேற்கு ஜெர்மனி 3–2 என்று வென்றது. போரில் தோற்று, ஊர் உலகத்தின் முன் தலை கவிழ்ந்திருந்த நாட்டுக்கு அந்த மழை நாள் என்ன செய்தது என்பதை ஜெர்மானியர்கள் இன்றைக்கும் சொல்லி ஓய்வதில்லை. மூன்று கோட்டின் மேல் அவர்களுக்குள்ள பிடிப்பு அங்கே தொடங்குகிறது, ஒரு செருப்புத் தொழிலாளி குந்தி உட்கார்ந்து திருகாணி முறுக்கிய இடத்தில்.

வேடிக்கை என்னவென்றால் எழுபது ஆண்டும் சட்டை அடிடாஸ் சட்டையாக இருக்கவில்லை. எழுபதுகளில் ஜெர்மன் அணி எரிமா என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனியின் சட்டையைப் போட்டது. காலணியும் உறவும்தான் தொடர்ந்தன. அந்த மூன்று கோடுகூட சொந்தச் சரக்கு கிடையாது. பின்லாந்தின் கார்ஹு கம்பெனியிடமிருந்து கொஞ்சம் பணமும் இரண்டு பாட்டில் விஸ்கியும் கொடுத்து வாங்கியது என்பது அந்தத் தொழிலில் ஊரறிந்த கதை. நைக்கியின் டிக் மார்க்கும் அப்படித்தான்: 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்கு 35 டாலர் கொடுத்து வரைய வைத்தது. லேபிள் ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கூலி குறைவு என்பது சிவகாசிக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை போலிருக்கிறது.

படிக்கத் தெரியாதவருக்கும் தெரிகிற குறி

தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஏன் அணில், காக்கா, மயில், சேவல்? வாங்குகிறவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. கடை வாசலில் நின்று படத்தைக் காட்டினால் போதும். வட இந்தியாவில் இன்றைக்கும் தீபாவளிக் கடையில் வந்து நின்று 'முர்கா சாப்' என்று கேட்பார்கள், சேவல் மார்க். சிவகாசி என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சேவலைத் தெரியும். அந்தச் சேவலுக்காகப் பத்து ரூபாய் கூடவும் கொடுப்பார்கள்.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் விற்கலாம் என்றது. அதன் பிறகு பெட்டியில் இன்னொரு குறி ஏறியது. நீரி ஆய்வு நிறுவனத்தின் பச்சைச் சின்னமும் க்யூஆர் கோடும். லேபிள் ஆர்ட்டிஸ்ட்டுகள் முனகினார்கள். நல்ல படத்தின் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம் வந்து குந்திக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்தச் சதுரம் இல்லாத பெட்டி டெல்லிப் பக்கம் போனால் லாரியோடு நிற்கும். ஒரு விரல் அகலக் குறிக்கு அவ்வளவு பலம்.

கால்பந்துச் சட்டைக்கும் இதே கதைதான். மான்செஸ்டர், மாட்ரிட் கிளப் சட்டைகளில் நெஞ்சை அடைத்துக்கொண்டு விமானக் கம்பெனி விளம்பரம் இருக்கும். தேசிய அணிக்கு ஃபிஃபா அதை அனுமதிப்பதில்லை. உலகக் கோப்பை ஆட்டத்தில் நாட்டுச் சின்னம், எண், பெயர் தவிர அந்தச் சட்டையில் இருக்கிற ஒரே வியாபாரக் குறி, சட்டை கொடுத்த கம்பெனியின் சின்ன மார்க் மட்டுமே. கோல் போட்டவன் மண்டியிட்டுக் கத்தும்போது உலகமே பார்க்கும் படத்தில் அந்த ஒரு குறிதான் நிற்கும். 900 கோடி ரூபாய் எதற்கு என்பது இப்போது புரியும்.

1974-ல் இதற்காக நடந்த ஒரு கூத்து உண்டு. ஹாலந்து அணிக்கு அடிடாஸ் சட்டை. அணியின் உயிர்நாடியான யோஹன் க்ரைஃப் பூமாவிடம் தனியாகக் காசு வாங்குகிறவர். மூன்று கோட்டைப் போட மாட்டேன் என்றார். கடைசியில் அவருடைய சட்டையில் மட்டும் ஒரு கோட்டை எடுத்துவிட்டார்கள். உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பத்துப் பேர் மூன்று கோட்டோடும் ஒருவர் இரண்டு கோட்டோடும் ஆடினார்கள். டாஸ்லர் வீட்டுச் சண்டை ஹாலந்துக்காரர் தோள் வரை வந்தது.

மற்ற நாடுகளும் மாறியிருக்கின்றன. பிரான்ஸ் நாற்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அடிடாஸில் இருந்து, 1998-ல் ஜிதான் காலத்தில் கோப்பையும் வாங்கி, 2011-ல் நைக்கிக்குப் போனது. 2018-ல் மறுபடி கோப்பை. அப்புறம் யார் பழைய சட்டையை நினைக்கிறார்கள்? இங்கிலாந்து 2013-ல் தன் நாட்டு அம்ப்ரோவை விட்டு நைக்கிக்கு மாறியது. ஜெர்மானியர் கண்ணீரும் 2027-க்குப் பிறகு முதல் கோப்பையோடு காய்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணீர் விட ஆள் இருந்தார்களே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

நம் சட்டை

நம் அணிக்குச் சட்டைக்கு முன் காலணியே தகராறு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியையும் தவறவிட்டு 1–2 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10–1 என்று நொறுக்கியது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. மூன்று கோட்டைக் கார்ஹுவிடமிருந்து அடிடாஸ் வாங்கிய கதையும் இதே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை ஒட்டித்தான் சொல்லப்படுகிறது. அங்கே ஒருவர் மூன்று கோட்டுக்கு விஸ்கி கொடுத்துக்கொண்டிருந்தபோது அதே ஊரில் நம்மவர்கள் குளிரில் கால் விறைத்துக் கிடந்தார்கள்.

பூட்ஸ் மாட்டிய பிறகு நல்ல காலமும் வந்தது. ரஹீம் சாகிப் பயிற்சியில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ் போட்ட கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல். அன்று அந்த அணிகள் போட்டிருந்த சட்டையில் யார் லேபிள் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் அக்கறை இல்லை. லேபிள் இல்லாமலே சரக்கு நன்றாக இருந்தது.

2006-ல் நைக்கி வந்தது. உலகத்துப் பெரிய மார்க் நம் அணியின் நெஞ்சில் ஏறியது என்று சந்தோஷப்பட்டோம். பன்னிரண்டு ஆண்டு இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டிலும் நைக்கி நம் சங்கத்துக்குக் காசாக எதுவும் தரவில்லை, சட்டையும் சாமானும் மட்டும்தான் தந்தது என்பது பின்னால்தான் ரசிகர்கள் காதுக்கு வந்தது. பண்ணையார் தீபாவளிக்குப் பண்ணையாளுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

2018 டிசம்பரில் சிக்ஸ்ஃபைவ்சிக்ஸ் என்ற இந்தியக் கம்பெனி வந்தது. அம்பர், அவனி அனேஜா என்ற உடன்பிறந்தவர்கள் தொடங்கியது. இந்திய அணிக்குச் சட்டை தரும் உரிமைக்காகப் பணம் கொடுத்த முதல் நிறுவனம் அதுதான். ராசி என்பதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் லேபிளுக்கு ராசி பார்ப்பார்கள், அதனால் சொல்கிறேன். புதுச் சட்டையோடு போன முதல் பெரிய போட்டி, 2019 ஆசியக் கோப்பை. ஜனவரி 6, அபுதாபி. தாய்லாந்தை 4–1 என்று அடித்தது இந்தியா. ஆசியக் கோப்பையில் 55 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. சுனில் சேத்ரிக்கு இரண்டு கோல். அடுத்த இரண்டு ஆட்டம் தோற்று வீட்டுக்கு வந்தார்கள் என்பது வேறு விஷயம். அதே சட்டையில் 2023-ல் தெற்காசியக் கோப்பையும் வென்று, தரவரிசையில் நூறுக்குள் நுழைந்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மறுபடி லேபிள் மாறியது. இந்த முறை ரிலையன்ஸ் ரீட்டெய்லின் பெர்ஃபார்மேக்ஸ், 2028 வரை. அதன் பிறகு? 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0–1.

லேபிள் ராசியில்லை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். உள்ளே மருந்து நமுத்துப்போனதற்கு மேலே ஒட்டின காகிதம் என்ன செய்யும்? இந்தக் காலத்தில் பயிற்சியாளர் மூன்று பேர் மாறினார்கள்: ஸ்டிமாச், மனோலோ மார்க்கேஸ், காலித் ஜமீல். சங்கத்துக்கும் ரிலையன்ஸ் பங்குள்ள எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையே இருந்த, 2010-ல் தொடங்கிய 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இழுபறியாகி, 2025 ஜூலையில் ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. வீரர்கள் சம்பளம் வருமா, ஆட்டம் நடக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலைமையில் நெஞ்சில் எந்த மார்க் என்று யார் பார்ப்பார்கள்?

கிரிக்கெட்டில் இதே 2023-ல் அடிடாஸ் வந்தபோது தெருவுக்குத் தெரு பேச்சு. மூன்று கோடு போட்ட நீலச் சட்டை ஒரே மாதத்தில் மதுரை ஜவுளிக் கடைகளில் அசலும் நகலுமாகத் தொங்கியது. கால்பந்தில் புதுச் சட்டை வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

சத்திரப்பட்டித் துணிக்குப் பெயர் என்ன?

ஜெர்மானியர் அழுததற்குக் கோப்பைகள் மட்டும் காரணம் இல்லை. அந்த லேபிளுக்கு ஓர் ஊர் இருந்தது. ஆற்றங்கரை, சண்டை போட்ட சகோதரர்கள், கல்லறை எல்லாம் இருந்தன. நம் அணியின் சட்டைக்கு ஊர் இல்லை. நைக்கி ஓரிகனிலிருந்து வந்தது, அப்புறம் டெல்லி, அப்புறம் மும்பை. எங்கே தைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இங்கே ஒரு முட்டுக்கட்டையை நானே போட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் சட்டை மட்டும் ஹெர்ட்சோகெனவ்ராக்கிலா தைக்கப்படுகிறது? அடிடாஸ், நைக்கி இரண்டுக்கும் பெரும்பாலான தையல் ஆசிய நாடுகளில்தான். நம் செய்யாறில் ஒரு தைவான் கம்பெனியின் ஆலையில் நைக்கி ஷூ தயாராகிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டால் அந்த டிக் மார்க்கின் சாய்வு எத்தனை என்று விரலால் வரைந்து காட்டுவார்கள். ஹாபெக் துக்கப்பட்ட ஜெர்மன் மரபின் நூலும் ஊசியும் ஆசியாவில் எங்கோ இருக்கிறது. ஊர் என்பது அங்கே தலைமை அலுவலகமும் கதையும் மட்டும். சிவகாசியில் மருந்து அறையும் அச்சகமும் ஒரே வெயிலில் நிற்கின்றன. லேபிளில் கை நனைத்தவரின் தங்கை திரி செருகப் போகிறாள். அந்த அர்த்தத்தில் எங்கள் லேபிள் அடிடாஸைவிட யோக்கியமானது. சொல்லிவிட்டேன்.

ஆனால் இந்த மாவட்டத்திலேயே லேபிள் கிடைக்காத தொழிலும் இருக்கிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். தெருவெல்லாம் தறிச் சத்தம். நெய்வது மருத்துவமனைக் கட்டுத்துணி, காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி. வெளிநாட்டுக்கும் போகிறது. அங்கே போய்ச் சேரும்போது அந்தந்த ஊர்க் கம்பெனியின் பெயரில் உறை மாட்டிக்கொள்ளும். சத்திரப்பட்டி என்ற பெயரை எந்த நர்ஸும் படித்திருக்க மாட்டார். கொஞ்ச தூரம் தள்ளிச் சிவகாசியில் ஒரு சேவல் படம் வட இந்தியாவையே பிடித்து வைத்திருக்க, இங்கே நல்ல துணி பெயரில்லாமல் போகிறது.

சாத்தூர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் நாடு முழுக்க ஏழு இடங்களை அறிவித்தார்கள், அதில் ஒன்று. நூலிலிருந்து தைத்த சட்டை வரை ஒரே இடத்தில் என்பது திட்டம். ராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் நூற்பாலைகள் உண்டு, தைக்கக் கை உண்டு. ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். விளையாட்டுச் சட்டை பாலியஸ்டர்; வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளி உடனே காயும் பின்னல் துணி. நமக்குக் கை வந்தது பருத்தி. கரிசல் காட்டுக்காரனுக்குப் பருத்தியின் மேல் இருக்கிற பாசம் சட்டை வியாபாரத்துக்கு உதவாது. பாலியஸ்டர் பக்கம் திரும்பாமல் அந்த ஆயிரம் ஏக்கரிலிருந்து ஒரு ஜெர்சியும் களத்துக்குப் போகாது.

களத்துக்குப் போக ஆட்கள் மட்டும் இங்கிருந்தே போய்க்கொண்டிருக்கிறார்கள். காரியாபட்டிப் பக்கம் சேது கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த சேது எஃப்சி, 2016-ல் தொடங்கிய பெண்கள் அணி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கியது. கடலூரின் இந்துமதி கதிரேசன் உட்பட, தேசிய அணியின் நீலத்தைப் போட்ட பலர் இந்தச் சட்டையையும் போட்டவர்கள். ஆண்கள் அணி ஆசியக் கோப்பையைக் கோட்டைவிட்ட அதே 2025-ல், ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2–1 என்று வென்று பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாக முதல் முறை நுழைந்தது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். அவர்கள் நெஞ்சிலும் அதே பெர்ஃபார்மேக்ஸ்தான். ராசிக் கணக்கு பார்க்கிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மறுபடி அச்சகத்துக்கே வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பையன் கையிலிருந்த ஊதா மையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். ஜெர்மன் சமாச்சாரம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. எந்த அணிக்கு எந்த மார்க் என்று விரல் மடக்கிச் சொன்னான். அர்ஜென்டினா அடிடாஸ், பிரேசில் நைக்கி, போர்ச்சுகல் பூமா. போர்ச்சுகல் நைக்கியிலிருந்து பூமாவுக்கு மாறினதுகூடத் தெரிந்திருந்தது.

"நம்ம டீமுக்கு என்ன லேபிள்?" என்றார் அண்ணாச்சி.

பையன் என்னைப் பார்த்தான். சொன்னேன். ட்ரெண்ட்ஸ் கடையில் அந்தப் பிராண்ட் கிடைக்கும் என்றும் சொன்னேன். அண்ணாச்சி பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பையன் தோளில் உரிந்து தொங்கிய கோட்டைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்ட வைத்தபடி கேட்டான்:

"வாங்கலாம்ணே. முதுகுல யாரு பேரப் போடச் சொல்றது?"

சேத்ரி என்று சொல்ல வாயெடுத்தேன்.